வாரியம் உயிரோடு இருக்கிறதா?

கார்வர் ஃபிளாட்ஸ்
ஜனவரி 20, 1985

அன்புள்ள அக்கா லியோனாவுக்கு,

நானும் ரோவீனாவும் நலம். உன் தலைவலி தேவலையா? கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் நீ வரவில்லை என்று ரோவீனாவுக்கு மனக்குறை. உனக்கென்று எடுத்துவைத்த பன்றித் தொடைக்கறியை நானே தின்று முடித்ததால் எனக்கு அவ்வளவு குறை இல்லை.

ஒரு சந்தேகம். சட்டமன்றத்தில் மசோதாக்களைத் தட்டச்சு செய்கிறவள் நீ, உனக்குத்தான் தெரியும். எங்கள் கால்நடை வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. சட்டமன்றம் புதுப்பிக்காவிட்டால் வாரியத்தின் ஆயுள் ஜூலை முதல் தேதியோடு முடிகிறதாம். மூன்று முறை படித்தேன். பால் புட்டிக்குத்தான் கெடு தேதி உண்டு என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த மாவட்டத்தில் மாடு விற்கிறவன், வாங்குகிறவன், எல்லை தாண்டி ஏற்றிப் போகிறவன் எல்லோரும் என் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறார்கள். மாட்டின் தொடையில் இருக்கும் சூட்டுக்குறியைப் பார்த்து, இது இன்னாருடையது என்று நான் சீட்டு எழுதினால்தான் மாடு நகரும். அதற்குக் கெடு தேதியா?

மாட்டு ஏலக்கொட்டகையில் என்னை வைத்து ஒரே சிரிப்பு. "ஆர்வில், ஜூலைக்கு அப்புறம் உன் இன்ஸ்பெக்டர் தொப்பிய என்ன பண்ணப் போற? என் கோழி அடைகாக்கக் கேட்குது, குடுத்துடு" என்றான் ஒருவன்.

எனக்காகப் பேசியது ஹெஸ்டர் குல்ப் ஒருத்திதான். எங்களுக்குக் கிழக்கே பண்ணை வைத்திருக்கிறாளே, புருஷன் போனபின் நாற்பது பசுக்களைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். "சிரிங்க, நல்லா சிரிங்க. வேலி அறுந்த அன்னைக்கு உன் மாடு எது, என் மாடு எதுன்னு அந்தக் கோழி வந்து சொல்லும்" என்றாள்.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் தம்பி,
ஆர்வில்


தலைநகர்
பிப்ரவரி 9, 1985

அன்புத் தம்பி ஆர்விலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. நான் சுகம். தலைவலிக்கு மேசையில் புது விளக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ கேட்டது பெரிய மர்மம் இல்லை. சில வருடம் முன்பு வந்த சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு அரசு வாரியமும் பத்து வருடத்துக்கு ஒரு முறை சட்டமன்றத்தின் முன் நின்று, தான் எதற்காக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது எடுபட்டால் இன்னும் பத்து வருடம். எடுபடாவிட்டால் மூடல். போன வருடம் முடிதிருத்துவோர் வாரியம் போயிற்று. ஊரில் யாருக்கும் முடி வளர்வது நிற்கவில்லை என்பதால் ஒருவரும் அழவில்லை.

உங்கள் வாரியத்தின் கதை வேறு. ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்துத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கிற பெரிய முதலாளிகளுக்கு நீங்கள் வேண்டாம். நீ சீட்டு எழுதும்வரை அவர்கள் லாரி நிற்க வேண்டியிருக்கிறது. சிறிய பண்ணைக்காரர்களுக்கு நீங்கள் வேண்டும். மார்ச்சில் சட்டமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்கும். நீயும் வந்து பேசலாம்.

மசோதா எப்படியும் என் மேசைக்குத்தான் வரும். கவலைப்படாதே.

அன்புடன்,
லியோனா


கார்வர் ஃபிளாட்ஸ்
மார்ச் 17, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? அன்றைக்கு உன்னைப் பார்க்காமல் திரும்பியது மனதை அரிக்கிறது. இருநூற்றுப் பத்து மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன், உன் அலுவலகப் படியேறி, உன் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தேன். "தலைவலின்னு இப்பத்தான் போனாங்க, சார். உங்களுக்காகக் காத்திருப்பாங்கன்னு நினைச்சேனே" என்றாள் உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் டோரீன். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். அங்கேயும் நீ இல்லை. எங்கே போனாய்?

குழுவின் முன் பேசினேன். முதலாளிகள் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்: "மிஸ்டர் ஹாஸ்கெட், நீங்க இல்லாமப் போனா நாளைக்கு என்ன ஆகும்? ஒரு உதாரணம் சொல்லுங்க."

"நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. யாராவது ஒருத்தன் நான் இல்லேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும்" என்றேன்.

பின் வரிசையில் கை தட்டினார்கள். நன்றாகப் பேசிவிட்டேன் என்று ஹெஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என்ன பேசினேன் என்று எனக்கே சரியாகப் புரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? போன கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிக் கிடந்தது. படுத்துக்கொண்டு எழுதுகிறாயா?

ஆர்வில்


தலைநகர்
ஏப்ரல் 2, 1985

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

அன்றைக்கு மருந்துக்கடைக்குப் போனேன், அங்கே நேரமாகிவிட்டது. பேனா சரியில்லை, அதனால்தான் எழுத்து அப்படி. இனி தட்டச்சு செய்தே அனுப்புகிறேன்.

உங்கள் மசோதாவைக் கீழவை ஒரு விதமாகவும் மேலவை வேறு விதமாகவும் நிறைவேற்றிவிட்டன. ஒன்றில் கட்டணம் கூடுதல், மற்றதில் உறுப்பினர் எண்ணிக்கை குறைவு. இரண்டையும் கோத்து ஒரே பிரதியாக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நாற்பத்தோரு பக்கம், பக்கமெல்லாம் அடித்தல் திருத்தல். பழைய பிரதியை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் புதிய பிரதியில் சரிபார்ப்பது இங்கே வழக்கம். நான் படிக்கிறேன், டோரீன் பார்க்கிறாள்.

ரோவீனாவின் முழங்கால் வீக்கம் எப்படி? அவளை மறுபடி ஏணியில் ஏற விடாதே.

லியோனா


தலைநகர்
மே 18, 1985

ஆர்விலுக்கு,

ஆளுநர் நேற்று கையெழுத்திட்டார். வாரியம் பிழைத்தது. உன் தொப்பியைக் கோழிக்குக் கொடுக்க வேண்டாம்.

நான் நலம். வேலை அதிகம்.

லியோனா


கார்வர் ஃபிளாட்ஸ்
ஜூன் 2, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ரோவீனாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. மழை இந்த வருடம் நேரத்துக்கு வந்தது, புல் முட்டி உயரம்.

உன் நான்கு வரிக் கடிதத்தை ஏலக்கொட்டகையில் உரக்கப் படித்தேன். ஹெஸ்டர் புளிப்பு ருபார்ப் தண்டு வைத்து இனிப்பு அடை சுட்டுக்கொண்டு வந்தாள். அவள் சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எல்லோரும் ஒரு துண்டு தின்றோம். "உங்க அக்கா தட்டச்சுப் பண்ணின சட்டம்னா அதுல ஓட்டை இருக்காது. சின்ன வயசுலேயே சர்ச் நோட்டீஸ்ல தப்புக் கண்டுபிடிச்சவ அவ" என்றாள் ஹெஸ்டர்.

அவளுக்கு இந்த வருடம் முப்பத்தாறு கன்று. அவளுடைய 'கவிழ்ந்த கோப்பை' சூட்டுக்குறியைப் போன வாரம் எல்லாவற்றுக்கும் போட்டு முடித்தோம். நான்தான் கயிறு பிடித்தேன்.

இலையுதிர் காலத்திலாவது வா. உன் முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

ஆர்வில்


கார்வர் ஃபிளாட்ஸ்
ஜூலை 9, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு நாள் தொலைபேசியில் முயன்றேன், நீ எடுக்கவில்லை.

இங்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றாம் தேதி காலை வானொலியில் சொன்னார்கள்: புதிய சட்டத்தில் கட்டணம் இருக்கிறது, உறுப்பினர் எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் வாரியத்தின் ஆயுளை நீட்டிக்கும் வரி மட்டும் இல்லையாம்! ஆக, முதல் தேதியோடு வாரியம் செத்துவிட்டதாம். செத்த வாரியம் என்ன கட்டணம் வாங்க வேண்டும் என்பதற்கு மட்டும் புதுச் சட்டம் இருக்கிறது.

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "வேறு உத்தரவு வர்ற வரைக்கும் வழக்கம்போல வேலையப் பாரு" என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "நான் அப்படிச் சொன்னதா எங்கேயும் சொல்லிடாத. சீட்டு எழுது, ஆனா கையெழுத்துப் போடாத" என்றார். கையெழுத்து இல்லாத சீட்டை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். "எனக்கே தெரியலப்பா" என்றார்.

வக்கீல் ஒருவர் வாரியம் செத்தது என்கிறார், இன்னொருவர் சாகவில்லை என்கிறார். நான் தினமும் காலையில் தொப்பி போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன்.

நீதானே அந்தப் பிரதியைத் தட்டச்சு செய்தாய்? எங்கே போனது அந்த வரி? உனக்குத் தெரிந்திருக்குமே.

ஆர்வில்


கார்வர் ஃபிளாட்ஸ்
ஜூலை 30, 1985

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? ரோவீனா பயப்படுகிறாள்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. ஹெஸ்டரின் மாடுகள் போய்விட்டன. பத்தொன்பது பசுக்கள், கன்றுகளோடு. பதினெட்டாம் தேதி அவள் பல் பிடுங்கப் பக்கத்து நகரத்துக்குப் போயிருந்தாள். வடக்கு வேலியை அறுத்து லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். பட்டப்பகல்.

அந்த லாரியை நான் பார்த்தேன். நெடுஞ்சாலை பிரியும் இடத்தில், காலை பத்து மணி வாக்கில். பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் எண் பலகை. கை காட்டினேன், நிறுத்தினான். சீட்டு எங்கே என்றேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தான். "பெரியவரே, வானொலி கேக்கறதில்லையா? உங்க ஆபீஸ் செத்துப்போயி ரெண்டு வாரம் ஆச்சு" என்றான். கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தூசியில் மாட்டின் குறி சரியாகத் தெரியவில்லை. எனக்கு அதிகாரம் இருந்திருந்தால் பின்கதவைத் திறக்கச் சொல்லியிருப்பேன். சட்டம் கையைக் கட்டிவிட்டது.

ஷெரிப் நெப்ராஸ்கா போலீசுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். இந்நேரம் அவை மாமிசமாகியிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவள் இல்லாத இடத்தில்.

ஹெஸ்டர் அழவில்லை. வேலியைத் தானே கட்டினாள். "அந்த வரிய விட்டவங்க யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றாள்.

ஆர்வில்


தலைநகர்
ஆகஸ்ட் 25, 1985

ஆர்விலுக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். ரோவீனாவுக்கு என் அன்பு.

செப்டம்பர் பத்தாம் தேதி சட்டமன்றம் தனிக்கூட்டம் கூடுகிறது. உங்கள் வாரியத்துக்காக மட்டும். விடுபட்டதைச் சேர்ப்பார்கள்.

ஹெஸ்டருக்கு மீதி எத்தனை பசுக்கள்?

லியோனா


தலைநகர்
செப்டம்பர் 22, 1985

அன்புத் தம்பி ஆர்விலுக்கு,

நீயும் ரோவீனாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று இத்தனை மாதம் எழுதியது பொய். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டோரீன் எழுதுகிறாள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாக. ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் புகை. உன் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. திருத்துவதற்கில்லை என்று மருத்துவர் போன இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தேழு வருடமாக இந்த அலுவலகத்தில் நான் தொட்ட பிரதியில் பிழை இருக்காது என்று பெயர். அந்தப் பெயரைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறென்ன இருக்கிறது?

மார்ச்சில் நீ வந்தபோது நான் மருந்துக்கடைக்குப் போகவில்லை. தாழ்வாரக் கோடியில் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தேன். உன் நடைச் சத்தம் என்னைக் கடந்து போனது. முகத்துக்கு நேரே பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

அந்த வரியை விட்டது நான். "'1985 ஜூலை 1' என்று வருமிடத்தில் '1995 ஜூலை 1' என்று கொள்க." தட்டச்சு செய்யும்போது என் கண் அதைத் தாண்டியிருக்கிறது. சரிபார்க்க வாய்விட்டுப் படித்தபோதும் தாண்டியிருக்கிறது. பாதியை நான் பார்த்துப் படிக்கவே இல்லை, ஆர்வில். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நான் படிக்காத வரியை டோரீன் எங்கே போய்த் தேடுவாள்?

ஆனால் சரிபார்த்தவள் என்று கடைசிப் பக்கத்தில் இருப்பது அவள் கையெழுத்து. ஆகஸ்டில் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். ஒரு மாதம் முழுக்க அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

தனிக்கூட்டத்தில் அந்த ஒரு வரியை நிறைவேற்ற இருபது நிமிடம் ஆனது. கூட்டம் கலைந்ததும் என் மேலாளர் லாசிட்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "லியோனா, அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பாக்கறீங்க" என்றார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத வாசிச்சுக் காட்டுங்க." நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து அவரே அதை வாங்கிக்கொண்டார். அது தலைகீழாக இருந்ததாம்.

டோரீன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுத் தலைமை வழக்கறிஞர் போன வியாழக்கிழமை தன் கருத்தை வெளியிட்டார். ஒரு வாரியத்தின் ஆயுள் முடிந்தாலும் கணக்கு வழக்கை முடித்துக்கொள்ள ஒரு வருடம் அவகாசம் உண்டாம், அந்த ஒரு வருடமும் எல்லா அதிகாரமும் முன்போலவே நிற்குமாம். பழைய சட்டத்தின் கடைசிப் பிரிவில் இருக்கிறது. ஒருவரும் அதுவரை புரட்டவில்லை. அப்படியானால் ஜூலை பதினெட்டில் வாரியம் உயிரோடுதான் இருந்திருக்கிறது. உன் அதிகாரமும்.

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்ததா, இன்னும் பயம் வந்ததா என்று தெரியவில்லை. உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஹெஸ்டர் தெரிய வேண்டும் என்றாளே. சொல்லிவிடு.

உன் அக்கா,
லியோனா


கார்வர் ஃபிளாட்ஸ்
அக்டோபர் 6, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இதை டோரீன் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு என் வணக்கம். அவள் எதிரே இதைச் சொல்வது எனக்குக் கூச்சம்தான், ஆனாலும் படிக்கட்டும்.

உன் கடிதம் வந்து முதல் இரண்டு நாள் எனக்கு உன்மேல் ஆத்திரம். கண் போனதற்கு இல்லை, சொல்லாததற்கு. இருநூற்றுப் பத்து மைல் வந்தவனைக் கோப்பு அறைக்குள் நின்று அனுப்பிவிட்டாயே! மூன்றாம் நாள் ஆத்திரம் என் பக்கம் திரும்பிவிட்டது. நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அன்றைக்குத் தூசி இல்லை. முந்தின நாள் மழை பெய்து சாலை ஈரமாகக் கிடந்தது. கம்பி இடைவெளியில் முதல் பசுவின் தொடையிலேயே கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தேன். நானே மூன்று வருடம் முன்பு போட்ட குறி, கைப்பிடி கொஞ்சம் கோணலாக இருக்கும். உள்ளே இரண்டு பேர். ஒருவன் மடியில் துப்பாக்கி வைத்திருந்தான். என்மேல் நீட்டவில்லை, சும்மா வைத்திருந்தான். நான் பயந்துவிட்டேன். அப்போதுதான் மற்றவன் வானொலியைப் பற்றிச் சொன்னான். அக்கா, அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? ஆமாம், நான் ஆய்வாளர் இல்லையே என்று விலகி நின்றேன். வண்டி எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. உடனே ஷெரிப்பிடம் போயிருந்தால் எல்லைக்கு முன்பே மடக்கியிருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய்க் காபி குடித்தேன். அவள் வேலியைப் பார்த்து அலறிக்கொண்டு வந்தபிறகுதான் வாயைத் திறந்தேன், அதுவும் அந்தத் தூசிக் கதையோடு.

இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் இருக்கிறது என்பதால் எனக்குத் தைரியம் இருந்ததா, தைரியமே கிடையாதா? யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெஸ்டரிடம் போனேன். மேய்ச்சல் நிலத்துக் கதவின் கீல் உடைந்து, தனியாக அதைத் தூக்கி மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கண், அந்த வரி, லாரி, துப்பாக்கி, காபி. ஒன்றையும் விடவில்லை. வழக்கறிஞர் சொன்ன ஒரு வருட அவகாசத்தையும் சொன்னேன்.

"திரும்பச் சொல்லு. வாரியம் செத்துச்சா, சாகலையா?" என்றாள்.

"சாகலை. ஆனா செத்துச்சுன்னு எல்லாரும் நினைச்சோம்."

"லியோனா வரிய விட்டா."

"ஆமா."

"ஆனா அவ விட்டதால ஒண்ணும் ஆகல. நீ பயந்ததாலதான் போச்சு."

"அவ விடலேன்னா எனக்குச் சாக்கு கிடைச்சிருக்காது. அவனுக்கும் அந்தப் பேச்சு கிடைச்சிருக்காது."

கதவைத் தரையில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தாள். "இப்ப நான் யார் மேல கோவப்படணும்? மூணு மாசமா முகம் தெரியாத ஒருத்தர வச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன், நல்லா இருந்துச்சு. இப்ப வந்து நீங்க ரெண்டு பேருன்னு சொல்றியே."

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சேன்னு அவளுக்கு எழுதிடாத. நான் இன்னும் மன்னிக்கல. உன்னையும்தான். எப்ப முடியும்னு எனக்கே தெரியாது" என்றாள். கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவளுக்குச் சுத்தமா தெரியலையா?" என்று கேட்டாள்.

"ஓரம் தெரியுமாம்."

"தனியாவா இருக்கா அந்த ஊர்ல?"

"ஆமா."

"அப்ப இங்க நின்னு என்னத்த அழுதுக்கிட்டிருக்க? போய்க் கூட்டிட்டு வா" என்றாள். "அதுக்கு முன்னாடி இந்தக் கதவோட அந்த முனையப் பிடி. தனியாத் தூக்க முடியல."

பிடித்தேன். இருவரும் தூக்கி மாட்டினோம்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் பிக்கப் வண்டியோடு உன் வாசலில் இருப்பேன். தட்டினால் திற.

உன் தம்பி,
ஆர்வில்